திங்கட்கிழமைகளில் எரிந்த கை

என் வலது கையின் மேல்புறத்தில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் கறுப்பாக ஒரு வட்டம் இருக்கிறது. கீழ் உதட்டின் ஓரத்தில் அதைவிடச் சின்னதாக இன்னொன்று. இரண்டும் இப்போது மங்கிவிட்டன. உற்றுப் பார்ப்பவர்கள், எண்ணெய் தெறித்ததா என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். உண்மையைச் சொல்லப் போனால் நிறையப் பேச வேண்டும். எனக்குப் பேச்சு வராது. எழுதும்போது யாரும் எதிரில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்ப்பதில்லை என்பதால் எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் நான் தில்லி லோதி ரோடில் ஒரு சர்க்கார் அலுவலகக் கான்டீனில் வேலை பார்த்தேன். அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. வடையையும் இட்லியையும் தட்டில் வைத்துச் சட்னி ஊற்றி, காபியை ஆற்றி, கவுன்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவரிடம் கொடுக்க வேண்டும். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்ததற்குக் காரணமே, அதில் வாயைத் திறக்க வேண்டியதில்லை என்பதுதான். கையை நீட்டினால் போதும். பத்து வருஷம் அப்படியே ஓடியது.

அந்தக் கையில்தான் வட்டம் வந்தது. ஒரு திங்கட்கிழமை காலையில் எழுந்தபோது அந்த இடம் சிவந்து, தணலை வைத்தது மாதிரி எரிந்தது. முந்தின வாரம் எண்ணெய் தெறித்ததைக் கவனிக்காமல் விட்டிருப்பேன் என்று நினைத்தேன். நான்கைந்து நாளில் எரிச்சல் அடங்கிக் கறுத்துப்போனது. ஒரு மாதம் கழித்து அதே இடத்தில் மறுபடி சிவந்தது. மூன்றாவது தடவை உதட்டிலும் வந்தது. உதட்டில் எப்படி எண்ணெய் தெறிக்கும் என்று அப்போதாவது நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. மருந்துக் கடையில் படர்தாமரைக் களிம்பு வாங்கித் தடவினேன். களிம்பால் வட்டம் பளபளப்பானதுதான் மிச்சம்.

ஒன்றரை வருஷத்தில் வட்டம் பெரிதாகிக்கொண்டே வந்தது. மாதத்தின் முதல் திங்கட்கிழமைதான் அது சிவக்கும் என்பதை என்னைவிட முன்னால் எங்கள் மேனேஜர் கண்டுபிடித்தார். தஞ்சாவூர்க்காரர். நல்ல மனிதர், ஆனால் வாய் சும்மா இருக்காது.

"ஏம்ப்பா, மாசா மாசம் மொத ஞாயித்துக்கிழமை எங்கேடாப்பா போயிட்டு வரே? திங்கக்கிழமையானா கையும் ஒதடும் செவந்துண்டு நிக்கறே?"

சமையல்கட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எங்கேயும் போகவில்லை, வீட்டில்தான் இருந்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த டிசம்பர் மாதத்து முதல் திங்கட்கிழமை, சிரிப்பு நின்றுபோனது. இரண்டாம் மாடியில் பஞ்சாபிக்காரரான ஒரு செக்‌ஷன் ஆபீசர் இருந்தார். தினமும் காலையும் மாலையும் என் கையால்தான் காபி வாங்கிக் குடிப்பார். அன்றைக்கு டம்ளரை வாங்கக் கை நீட்டியவர், என் கையைப் பார்த்துவிட்டுத் தன் கையை இழுத்துக்கொண்டார். வட்டத்தின் நடுவில் ஒரு கொப்புளம் நீர் கோத்திருந்தது.

"அரே பையா, யே க்யா ஹை? கோட் தோ நஹி?" என்றார்.

கோட் என்றால் இந்தியில் குஷ்டம். வரிசையில் அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் காபியை வாங்காமல் போனார். பின்னால் நின்றவர்களில் பாதிப் பேரும் போய்விட்டார்கள்.

மேனேஜர் என்னைப் பாத்திரம் கழுவும் இடத்துக்குப் பின்னால் அழைத்துப் போனார்.

"இத பாரு, நான் சொல்றேன்னு தப்பா நெனச்சுக்காதே. எனக்குத் தெரியும் ஒனக்கு அதெல்லாம் ஒண்ணும் இல்லேன்னு. ஆனா நாளைக்கு மாடிலேர்ந்து கம்ப்ளெயின்ட் எழுதினான்னா கான்டீனையே மூடிடுவா. பெரிய ஆஸ்பத்திரிலே தோல் டாக்டர்கிட்டே காட்டி, சாப்பாட்டுச் சாமானைத் தொடலாம்னு எழுதி வாங்கிண்டு வா. அதுவரைக்கும் கவுன்டர் பக்கம் வரப்படாது."

"எத்தனை நாளைக்கு சார்?"

"ரெண்டு மாசம் பாப்பேன். அதுக்கு மேலே ஊர்லேர்ந்து ஆளை வரவழைக்கணும். வேற என்ன பண்றது, சொல்லு?"

அன்றிலிருந்து மூட்டை இறக்குவதும் வாசல் பெருக்குவதும்தான் என் வேலை. அடுப்புப் பக்கம் போகவில்லை. தண்ணீர்ப் பானையில் மொண்டு குடிக்கக்கூடக் கூச்சமாக இருந்தது. வீட்டிலிருந்து ஒரு பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோனேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் தோல் பிரிவு செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும். டாக்டர் ஒரு பெண்மணி. கிட்டத்தட்ட என் வயது இருக்கும், பஞ்சாபிப் பேச்சு. அவரைச் சுற்றி எப்போதும் ஏழெட்டு மாணவர்கள் நோட்டுப் புத்தகத்தோடு நிற்பார்கள். அவருக்கு உதவியாகக் கேரளாவிலிருந்து வந்த ஒரு நர்ஸ். பெஞ்சில் எனக்கு முன்னால் இருந்தவர்களில் ஒரு கொத்தனாருக்குச் சிமென்ட்டால் விரலெல்லாம் வெடித்திருந்தது. ஒரு பெண்ணுக்கு நெற்றியில் பொட்டு வைக்கும் இடம் மட்டும் புண். டாக்டர் ஒவ்வொருவரிடமும் நோயைக் கேட்டதைவிட, என்ன தொடுகிறாய், என்ன பூசுகிறாய், என்ன உடுத்துகிறாய் என்றுதான் அதிகம் கேட்டார். போலீஸ்காரர் விசாரிப்பது போலிருந்தது. எனக்கு அப்போதே வியர்த்துவிட்டது.

என் முறை வந்ததும் கண்ணை மூடச் சொன்னார். பஞ்சால் கையைத் தொட்டு, எங்கே தொடுகிறேன் என்று கேட்டார். வட்டத்துக்குள் தொட்டபோதும் எனக்குத் தெரிந்தது. பிறகு ஊசி முனை. "ஆ" என்றேன். அவர் மாணவர்களைப் பார்த்து என்னவோ இங்கிலீஷில் சொன்னார். நர்ஸ் எனக்குக் கேட்கும்படி, "அது இல்ல, பயப்படண்டா" என்றாள். டிசம்பர்க் குளிரில் என் முதுகு நனைந்திருந்தது.

ஆனால் டாக்டர் சீட்டு எழுதவில்லை. குஷ்டம் இல்லை, சரி. பின்னே என்ன? அது தெரியாமல் சமையலறையில் நிற்கலாம் என்று எழுத மாட்டேன் என்றார். ஏதாவது மருந்து சாப்பிடுகிறாயா, தலைவலி மாத்திரை, இருமல் மருந்து, எதுவானாலும் சொல் என்று இந்தியில் இரண்டு தடவை கேட்டார். "நஹி ஜி" என்றேன், இரண்டு தடவையும். பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவே இல்லை.

அப்படியானால் கான்டீன் சாமான்களில் ஏதோ ஒன்று உன் தோலுக்கு ஆகவில்லை என்று அவர் சந்தேகப்பட்டார். வெங்காயம், பூண்டு, மிளகாய், கடுகு, புளி, பெருங்காயம், இட்லி மாவு, பாத்திரம் தேய்க்கும் பொடி எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் கொண்டுவரச் சொன்னார். "அதில் ஒன்று பிடிபட்டால் வேறு வேலைதான் பார்க்க வேண்டும்" என்றார் சாதாரணமாக. பூண்டும் வெங்காயமும் ஆகாதவனுக்குக் கான்டீனில் என்ன வேலை? ஐந்தாவது படித்தவனுக்குக் கான்டீனை விட்டால் எங்கே வேலை?

வெள்ளிக்கிழமை பொட்டலங்களோடு போனேன். என் மனைவி ஒவ்வொன்றையும் தனித்தனியாக மடித்து நூல் கட்டியிருந்தாள். மாணவர்களுக்கு எதிரில் சட்டையைக் கழற்றி உட்கார்ந்தேன். நர்ஸ் ஒவ்வொரு சாமானிலும் துளி எடுத்து, என் முதுகில் வரிசையாக வைத்து, பிளாஸ்திரி போட்டாள். இரண்டு நாள் குளிக்கக் கூடாது, குப்புறத்தான் படுக்க வேண்டும்.

"முழு சாம்பாரும் முதுகுல இருக்கு" என்று சிரித்தாள் அவள். "வெயில்ல நிக்கண்டா, கொதிச்சிடும்."

என் மனைவிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "பூண்டுன்னு வந்துட்டா என்னங்க பண்றது? ஊருக்கே போயிடலாமா?" என்று இரண்டு நாளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வார்டில் வைத்து நர்ஸ் பிளாஸ்திரியை எடுத்த அன்றும், அதற்கடுத்த செவ்வாயும், முதுகு சுத்தமாக இருந்தது. பூண்டும் இல்லை, கடுகும் இல்லை. நான் பெருமூச்சு விட்டேன். டாக்டருக்கோ எரிச்சல். என்னிடம் கேட்டார், எழுதத் தெரியுமா? தமிழில் எழுதுவேன் என்றேன். "அடுத்த முறை சிவக்கும் வரை, வாய்க்குள் போகும் எல்லாவற்றையும் நாள்வாரியாக எழுது. எதையும் விடாதே. சிவந்த உடனே வா."

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அவ்வளவு எழுதியதில்லை. காலை காபி, இரண்டு இட்லி. மத்தியானம் சாம்பார் சாதம், முட்டைக்கோசு. சாயங்காலம் டீ, வேர்க்கடலை. இப்படி நாளுக்கு நாலைந்து வரி. எதையும் விடாதே என்று சொன்னதால் எதையும் விடவில்லை.

ஜனவரி முதல் திங்கட்கிழமை கை சிவந்தது. செவ்வாய்க்கிழமை நோட்டோடு போய் நின்றேன். டாக்டர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு நர்ஸிடம் கொடுத்தார்.

"எனக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது" என்றாள் நர்ஸ். "நீங்க வாசிங்க, நான் மேடத்துக்குச் சொல்றேன். கடைசி மூணு நாள் போதும்."

ஒவ்வொரு வரிக்கும் கீழே விரலை வைத்து வாசித்தேன். அவள் இந்தியில் சொல்லிக்கொண்டே வந்தாள். சனிக்கிழமை முடிந்தது. ஞாயிற்றுக்கிழமையின் முதல் வரிக்கு விரல் வந்தது. நான் அதைத் தாண்டி, "மத்தியானம் மோர் சாதம். ராத்திரி மோர் சாதம்" என்றேன்.

"நில்லுங்க" என்றாள் நர்ஸ். "விரல் ஒரு வரி சாடிப் போச்சே?"

"அதுல ஒண்ணும் இல்ல சிஸ்டர்."

"ஒண்ணும் இல்லாததை எதுக்கு எழுதினீங்க?"

மாணவர்களில் மூன்று பேர் பெண்கள். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அந்த வார்த்தையை என் மனைவியிடமும் அம்மாவிடமும் தவிர வேறு எந்தப் பெண்ணிடமும் நான் சொன்னதில்லை. நோட்டைப் பார்த்துக்கொண்டே, "பேதி" என்றேன்.

"பேதியா? வயித்தால போச்சா?"

"இல்ல சிஸ்டர். போகல. எடுத்துக்கறது."

அவளுக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. பிறகு அந்த அறையே திரும்பும்படி, "ஓ, வயறிளக்கறதோ!" என்றாள். "எங்க வீட்லயும் உண்டு! கர்க்கடக மாசம் அச்சன் எங்க ஆறு பேரையும் வரிசையா நிக்க வச்சு ஆவணக்கெண்ண குடுப்பார். நீங்களும் எண்ணெய்தானா?"

"ஊர்ல எண்ணெய். இங்க மாத்திரை."

அவள் சிரிப்பு நின்றது. டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் ஏற்கனவே நாற்காலியில் நிமிர்ந்திருந்தார், நர்ஸின் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது போலிருக்கிறது.

ஊரில் வருஷத்துக்கு இரண்டு தடவை விளக்கெண்ணெய் குடிப்போம். தில்லியில் நாங்கள் இருந்தது ஒரு ஆபீசர் வீட்டின் பின்பக்கத்து அறை. மூன்று குடும்பத்துக்கு ஒரே கக்கூஸ். அங்கே எண்ணெய் குடித்துவிட்டு எப்படிச் சமாளிப்பது? பக்கத்து வீட்டு அம்மாள் சொல்லி என் மனைவி ஒரு மாத்திரை வாங்கி வந்தாள். சின்னது, இனிப்பாகக்கூட இருக்கும், அடக்கமாக வேலை செய்யும். சுலபமாக இருந்ததால் மாதம் ஒருமுறை என்று ஆகிவிட்டது. கான்டீனில் தினமும் எண்ணெய்ப் பண்டம் தின்கிற வயிறு, சுத்தம் செய்தால் நல்லதுதானே? கான்டீன் லீவான ஞாயிறு, அதிலும் மாதத்தின் முதல் ஞாயிறு. ஆரம்பித்து ஒன்றரை வருஷம்.

"நான் கேட்டேனே, மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாயா என்று?" டாக்டரின் குரல் உயர்ந்தது.

"ஓ தவாயி நஹி ஹை, ஜி" என்றேன். அது மருந்து இல்லையே. எண்ணெய் தேய்த்துக் குளிப்பது மாதிரி. அதை யாராவது மருந்து என்பார்களா?

மாணவர்கள் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. அவர்களைப் பார்த்துச் சொன்னதை நர்ஸ் எனக்குப் பிறகு சொன்னாள்: தப்பு அவருடையது இல்லை, நம்முடையது. மருந்து சாப்பிடுகிறாயா என்று கேட்கக் கூடாது, எதை விழுங்குகிறாய் என்று கேட்க வேண்டும்.

"என் சம்சாரமும் அதையேதான் போட்டுக்கறா. அவளுக்கு ஒண்ணுமில்லையே?" என்று நர்ஸிடம் மெதுவாகக் கேட்டேன்.

"ஒரு உடம்புக்கு ஆகும், ஒரு உடம்புக்கு ஆகாது. ஆகாத உடம்பு, போன தடவை எங்க காட்டுச்சோ அங்கேயேதான் திரும்பக் காட்டும்" என்றாள்.

ஆனாலும் சந்தேகம் வேறு, நிரூபணம் வேறு என்று டாக்டர் சொல்லிவிட்டார். கை நன்றாக ஆறட்டும், மூன்று வாரம் கழித்து வா, அந்த மாத்திரையையும் கொண்டு வா, இங்கே என் கண் எதிரில் கொஞ்சம் தருகிறேன், அதுவரை தொடாதே.

வீட்டில் சொன்னதும் என் மனைவி அலமாரியில் இருந்த அட்டைப் பெட்டியை எடுத்து வாசலில் எறியப் போனாள். "நாந்தானங்க வாங்கியாந்தேன். ஒன்றரை வருஷமா என் கையால குடுத்திருக்கேனே" என்று அழுதாள். நான் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டேன். அதில் ஒரு மாத்திரை எனக்கு வேண்டும். என் வேலை அதற்குள் இருந்தது.

மேனேஜர் சொன்ன இரண்டு மாதத்தில் ஆறேழு நாள்தான் பாக்கி. ஊருக்குக் கடிதம் எழுதிவிட்டதாகச் சமையல்கட்டில் பேசிக்கொண்டார்கள். ஜனவரி கடைசிச் செவ்வாயன்று காலை ஒன்பது மணிக்கு, டாக்டர் மாத்திரையைப் பிளேடால் நான்காக வெட்டி, ஒரு கால் துண்டை என் நாக்கில் வைத்தார். பழைய இனிப்பு. எங்கேயும் போகாதே, தலை சுற்றினாலோ மூச்சு முட்டினாலோ உடனே கூப்பிடு என்று சொல்லி, நர்ஸின் மேஜைக்கு எதிரிலேயே பெஞ்சில் உட்காரவைத்தார்.

ஜன்னல் வழியாக வெயில் என் மடியில் விழுந்தது. கையை அந்த வெயிலில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கறுப்பு வட்டம் அசையாமல் இருந்தது. பத்து மணி. பதினொன்று. ஒன்றும் ஆகவில்லை. ஒன்றரை வருஷமாக எதை வராதே வராதே என்று வேண்டிக்கொண்டிருந்தேனோ, அதை வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். இந்த மாத்திரை இல்லை என்றால் மறுபடி நோட்டு, மறுபடி பிளாஸ்திரி. அதற்குள் ஊரிலிருந்து ஆள் வந்து என் இடத்தில் காபி ஆற்றிக்கொண்டிருப்பான். நர்ஸ் போகும்போதும் வரும்போதும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "என்ன, பஸ் வரலையா?" என்பாள்.

பன்னிரண்டு மணி சுமாருக்கு உதட்டில் எறும்பு ஊர்வது போலிருந்தது. கற்பனை என்று நினைத்தேன். கையைப் பார்த்தேன். வட்டத்தைச் சுற்றி ரோஜா நிறத்தில் மெல்லிய ஒரு கரை. தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. சிறிது நேரத்தில் எரிய ஆரம்பித்தது. நன்றாக எரிந்தது.

நான் சத்தம் போட்டுப் பேசுகிறவன் இல்லை. அன்றைக்கு எழுந்து நின்று, "சிஸ்டர்! எரியுது! எரியுது சிஸ்டர்!" என்று கத்தினேன். வரிசையில் இருந்தவர்களெல்லாம் திரும்பினார்கள். கை எரிகிறது என்று ஒருவன் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பதை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். நர்ஸ் ஓடிவந்து என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "மேடம்!" என்று என்னைவிடச் சத்தமாகக் கூப்பிட்டாள்.

டாக்டர் மாணவர்களை வரிசையாக நிறுத்தி என் கையைக் காட்டினார். அன்று எனக்குக் கூச்சமே இல்லை. நானே உதட்டையும் மடித்துக் காட்டினேன். பிறகு இரண்டு சீட்டு எழுதிக் கொடுத்தார். ஒன்று மேனேஜருக்கு: தொற்று இல்லை, குஷ்டம் இல்லை, சமையல் சாமானால் வந்ததும் இல்லை, பேதி மாத்திரையால் வந்தது, தாராளமாக வேலை செய்யலாம். இன்னொன்றில் அந்த மாத்திரையில் இருக்கும் மருந்தின் பெயர். ஆயுசுக்கும் சட்டைப் பையில் வைத்துக்கொள், எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் இதைக் காட்டு என்றார். அதன் பின்பக்கத்தில் தமிழிலும் எழுதி வைத்துக்கொண்டேன். இப்போது வைத்திருப்பது மூன்றாவது பிரதி.

மேனேஜர் சீட்டைக் கவுன்டரில் நின்று உரக்க வாசித்தார். புரியாதவர்களுக்காக இந்தியிலும் சொன்னார். அதனால், நான் மாதா மாதம் பேதிக்கு எடுத்துக்கொண்ட விஷயம் இரண்டு மாடிக்கும் தெரிந்துபோனது. "பேட் சாஃப் ஹை, பையா?", வயிறு சுத்தமா என்று குமாஸ்தாக்கள் கேட்பதும் சிரிப்பதுமாக ஒரு வாரம் போனது. கேட்கட்டும். வயிற்றைப் பற்றித்தானே கேட்கிறார்கள்.

செக்‌ஷன் ஆபீசர் மட்டும் நம்பவில்லை. சீட்டு சரி, முதல் திங்கட்கிழமை வரட்டும், பார்க்கலாம் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு, பியூனை அனுப்பி வெளியிலிருந்து டீ வரவழைத்துக் குடித்தார். மேனேஜரும் என்னிடம், "மாடி மனுஷா நம்பணுமோல்லியோ. மொத திங்கக்கிழமை தாண்டட்டும், அப்பறம் கவுன்டர்" என்றார். ஊருக்கு எழுதிய கடிதத்தைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பிப்ரவரி முதல் ஞாயிறு. என் மனைவி வழக்கம்போல மோர் சாதம் மட்டும் பிசைந்தாள். வேறொன்றும் தரவில்லை. இரண்டு பேரும் ஊறுகாய் தொட்டுக்கொண்டு சாப்பிட்டோம். திங்கட்கிழமை விடியும் முன்பே அவள் விளக்கைப் போட்டு என் கையை இழுத்துப் பார்த்தாள்.

"எரியுதாங்க?"

"இல்ல."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"இல்லடி. சும்மா கறுப்பா இருக்கு."

அவள் விரலால் வட்டத்தை அழுத்திப் பார்த்தாள். உதட்டையும் பார்த்தாள். அப்புறம்தான் விளக்கை அணைத்தாள்.

மேனேஜர் என் கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, காபி டபராவை என் பக்கம் தள்ளினார். பதினொரு மணிக்கு செக்‌ஷன் ஆபீசர் இறங்கி வந்தார். கவுன்டரில் இரண்டு கையையும் ஊன்றி, "திகாவோ" என்றார். கையை நீட்டிக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு பக்கத்தில் யாரும் இல்லையா என்று பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அந்த மாத்திரையின் பெயர் என்ன? என் வீட்டிலும் ஒன்று இருக்கிறது" என்று இந்தியில் கேட்டார். சட்டைப் பையிலிருந்த சீட்டை எடுத்துக் கொடுத்தேன். ஒரு துண்டுக் காகிதத்தில் பெயரைக் குறித்துக்கொண்டார்.

நான் காபி ஆற்றி டம்ளரை நீட்டினேன். வாங்கி ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்தார்.

"சீனி கம் ஹை" என்றார்.

ஒரு ஸ்பூன் சீனி போட்டுக் கலக்கிக் கொடுத்தேன்.